சிறைக்குப் போனார், சிறைத்துறை அமைச்சரானார், நீதிபதியும் ஆனார்!

போன வாரம் பழனி ரயில் நிலையத்தில் பாலக்காடு வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் செல்போனில் ஏதோ செய்தி படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ''ஏன் தம்பி, கட்சி, ஆட்சின்னு இருந்தவங்களே ஜட்ஜா வந்தா, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நியாயம் கிடைக்குமா?''

நியாயமான சந்தேகம்தான். அவருக்குப் பதிலாக, நான் போகவிருந்த ஊரில் பிறந்த ஒருவரின் கதையைச் சொன்னேன். அவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

பாலக்காட்டில் 1914-ல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக்கல்லூரியிலும் படித்துவிட்டு, தலச்சேரியில் வக்கீல் தொழில் செய்தார். விவசாயிகள், தொழிலாளர்கள் வழக்குகள்தான் அதிகம். கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-ல் அவரையே சிறையில் வைத்தார்கள். சுமார் ஒரு மாதம் உள்ளே இருந்தார்.

1952-ல் சுயேச்சையாக சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்வானார். கேரளம் தனி மாநிலமான பிறகு, 1957-ல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறையோடு சிறைத்துறையும் அவர் கைக்கு வந்தது. கைதியாக இருந்தவர் சிறைகளுக்கே அமைச்சர்! 1959-ல் அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் ஏழே ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். வழக்குப் போட்டு ஜெயித்தார். 1965-ல் நிஜமாகவே தோற்றார். மறுபடியும் கறுப்பு கோட்.

1968-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1973-ல் உச்ச நீதிமன்றம். 'அரசியல்வாதியை இங்கே கொண்டு வருவதா?' என்று பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பழனி பெரியவரின் அதே சந்தேகம்!

பரீட்சை 1975-ல் வந்தது. இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீடு போனபோது உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் கோகலே அவரைச் சந்திக்க விரும்பி போன் செய்தார். எதற்கு என்று கேட்ட கிருஷ்ணய்யர், 'பதிவாளரிடம் மனுவைக் கொடுங்கள், போதும்' என்று முடித்துக்கொண்டார். அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததே அந்த அரசுதான்!

ஜூன் 24-ல் உத்தரவு வந்தது. இந்திரா பிரதமராகத் தொடரலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம், ஆனால், எம்.பி-யாக ஓட்டுப் போட முடியாது. மறுநாள் இரவே எமர்ஜென்சி.

ஆனால், சாமானியர்களுக்கு அவர் தந்தது வேறு. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை. 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார்கள். கூட்டி வந்த ஆளையும் 'வேறு மாவட்டத்துக்காரர்' என்று தள்ளிவிட்டார்கள். 1978-ல் கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கு சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். பணம் இல்லை என்பதற்காக ஒருவர் சிறையில் கிடக்கக் கூடாது என்பதுதான் விஷயம். திகார் சிறையில் சக கைதி அடித்துத் துன்புறுத்தப்பட்டதாக ஒரு கைதி எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. அதில் தீர்ப்பு எழுதியவரும் அவர்தான். கம்பிக்குப் பின்னால் இருந்து பார்த்தவருக்கு அந்த வலி தெரியாதா என்ன?

அன்று எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி, பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அமெரிக்காவிலும் இதுபோல நடந்திருக்கிறது. கலிபோர்னியா கவர்னராக இருந்த எர்ல் வாரன் 1953-ல் தலைமை நீதிபதியானார். கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கி வைப்பது செல்லாது என்ற தீர்ப்பு, அடுத்த ஆண்டே அவர் தலைமையில் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர் சிரித்தார். ''சரி தம்பி, வர்றவங்க எல்லாரும் இவரு மாதிரியே இருப்பாங்களா?''

வண்டி வந்துவிட்டது. 'இருப்பார்கள்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவரை நியமிக்கும் அன்று அவர் எந்தக் கட்சி என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அதோடு நிறுத்திவிடாமல், அவர் எழுதும் தீர்ப்புகளையும் படிப்போமே!