திணறும் எஞ்சினும் தேவையில்லாத பில்லும்

நகருக்குள் ஒழுங்காக ஓடும் பழைய இன்ஜெக்‌ஷன் கார், மேட்டில் ஏறும்போதோ நெடுஞ்சாலை வேகத்திலோ திணறினால் பல பட்டறைகளில் முதலில் ப்ளக் மாறும், அடுத்து காயில், பிறகு இன்ஜெக்டர். பில் ஏறும், திணறல் நிற்காது.

எஞ்சின் கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வருகிறதா என்பதை பிரஷர் கேஜ் சில நிமிடங்களில் காட்டிவிடும். மிஞ்சிய பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பும் பழைய அமைப்புகள் பலவற்றில் அழுத்தம் சுமார் 3 பார் (சரியான அளவு காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்). ஐடிலில் அசையாமல் நின்ற முள், ஓட்டிப் பார்க்கையில் சரிந்தால் அடைத்த ஃபில்டர், டேங்க்குக்குள் இருக்கும் வலை, தளர்ந்த பம்ப் என்று சந்தேகம் சுருங்கிவிடும்.

பம்ப் மீது பழி போடுமுன் அதற்கு வரும் மின்சாரத்தையும் பார்ப்பதே நியாயம். பேட்டரியில் 13.5 வோல்ட், பம்ப் முனையில் 11 என்றால் ஒயரையோ எர்த்தையோதான் துருவ வேண்டும்.

1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலே இந்த விஷயத்தில் பிரசித்தம். வெயிலில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகாது. உள்ளே சூடு தணிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ரிலேக்குள் சால்டரிங் விரிசல் விட்டிருக்கும். அதற்குப் புதுப் பம்ப் வாங்குவது வெட்டிச் செலவு.

டேங்க்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்கள் கவனிக்க. பம்பை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், கேஜில் எத்தனை பார் காட்டியது என்று முதலில் கேளுங்கள்.