கணக்கில் வராத பாடம்

எமது மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு பாடத்தைக் கைகழுவி வருகின்றனர். பெற்றார் அதனைத் தடுப்பதில்லை. ஆசிரியர் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அப்பாடத்துக்குரிய பரீட்சை நாளில் வெறுமையாகக் கிடக்கும் மேசைகளைக் கண்டு கவலைப்படுவாரும் அரியர். க.பொ.த. உயர்தர வகுப்பின் பொது ஆங்கிலமே அப்பாடமாகும். இறுதியாண்டில் நிற்கும் ஒவ்வொரு தமிழ் மாணவனும் மாணவியும், கற்பிப்பார் இல்லாவிடினும் சொந்த முயற்சியினாலேனும் அதனைக் கற்றுப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும் என்பதே எமது கருத்து.

மாணவர் அதனைக் கைவிடுவதற்குக் காரணம் சோம்பல் அன்று, கணக்கே காரணம். பல்கலைக்கழக அனுமதி மூன்று பிரதான பாடங்களின் இஸட் புள்ளியைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகின்றது. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகளேனும் பெறவேண்டும் என்பது விதி. ஆகவே அதனை எவரும் விடுவதில்லை. பொது ஆங்கிலமோ இஸட் புள்ளியிலும் சேர்வதில்லை, அனுமதிக்குரிய பொது நிபந்தனையிலும் சேர்வதில்லை. ஒரு தசமப் புள்ளியினால் மருத்துவபீடம் கைநழுவிப் போகும் நாடு இது. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையின் இஸட் புள்ளிக் கணிப்பு 2012 இல் உயர் நீதிமன்றம் வரை சென்றதை நாம் மறந்துவிடவில்லை. இத்தகைய போட்டியில், புள்ளி தராத பாடத்துக்கு ஏன் ஒரு மணி நேரத்தைச் செலவிடவேண்டும் என்று மாணவன் கேட்டால், அவனுடைய கணக்கில் தவறில்லை என்றே கூறவேண்டும்.

ஆனால் அக்கணக்கு பல்கலைக்கழக வாயிலோடு முடிந்துவிடுகின்றது. வாயிலைத் தாண்டியதும் வேறொரு கணக்குத் தொடங்குகின்றது. மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றன. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் பயின்று மூன்று பாடங்களிலும் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளை, முதல் நாள் விரிவுரையில் பொருள் விளங்காது திகைத்து நிற்கின்றது. அப்பிள்ளைக்கு அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. நேற்று வரை அறிந்திருந்த அதே பொருளை இன்று வேறொரு பெயரால் அழைக்கின்றார்கள்; அவ்வளவே. எனினும் அந்தத் திகைப்பு முதலாண்டின் பெறுபேற்றைக் கெடுக்கின்றது. சிலருடைய தன்னம்பிக்கையையே கெடுத்துவிடுகின்றது.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கின்றது. ஆனால் அதே உறுப்புரையில் ஒரு காப்பு வாசகமும் உண்டு. தேசிய மொழியல்லாத வேறொரு மொழியிற் போதிக்கும் உயர்கல்வி நிறுவனத்துக்கு அவ்வுரிமை பொருந்தாது என்பதே அதன் கருத்து. அதாவது, பாடசாலை முடியும் வரை பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துவந்த சட்டம், பல்கலைக்கழகப் படியில் அக்கையை விட்டுவிடுகின்றது. மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு, நுவரெலியா முதலிய மாவட்டங்கள் கல்வி வசதியிற் பின்தங்கியவை என ஏற்று, அனுமதியில் அவற்றுக்குத் தனி ஒதுக்கீடும் வைத்திருக்கின்றார்கள். நன்று. ஆனால் வாயிலில் ஒதுக்கீடு உண்டு. விரிவுரை மண்டபத்தில் ஒதுக்கீடு ஏது?

பல்கலைக்கழகம் புகாதோர் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அனுமதிக்குத் தகுதி பெறுவோரிற் பெரும்பான்மையோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பது ஊரறிந்த உண்மை. அவர்கள் வங்கிக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் உயர் தொழிற் கற்கைகளுக்கும் விண்ணப்பிக்கையில் முதலில் எதிர்ப்படும் கேள்வி ஆங்கிலம் பற்றியதே. பரீட்சைக் கணக்கில் வராத பாடம் வாழ்க்கைக் கணக்கில் முதல் வரியாக வந்து நிற்கின்றது!

‘தாய்மொழிக் கல்விக்காகப் போராடிய நீங்களா ஆங்கிலத்துக்காக வாதாடுகின்றீர்கள்?’ என்று கேட்போர் உளர். அவர்களுக்கு எமது விடை இதுவே: தமிழில் விளங்கிக் கற்றவனே ஆங்கிலத்தை விரைவில் வசப்படுத்துவான். உந்தம் என்றால் யாதெனத் தமிழில் தெளிந்தவனுக்கு ‘மொமென்ரம்’ என்பது ஒரு பெயர் மட்டுமே. தெளியாதவனுக்கு அது வெறும் ஓசை. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் செலுத்திப் படித்தவனுக்கே உத்தியோகமும் உயர்கல்வியும் என்றிருந்த நிலையை 1945 இல் வந்த இலவசக் கல்வியும் தொடர்ந்து வந்த தாய்மொழிப் போதனையும் அசைத்தன. அந்த வெற்றியை நாம் கைவிடச் சொல்லவில்லை. அதனை முழுமைப்படுத்தவே சொல்கின்றோம்.

எமது முன்னோர் காட்டிய வழியும் இதுவே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். ஆங்கிலமும் சட்டமும் கற்றார். அதே மனிதர்தாம் செல்லரித்த ஏடுகளிலிருந்து கலித்தொகையை மீட்டு 1887 இல் அச்சேற்றினார். ஆங்கிலம் அவரிடமிருந்து தமிழைப் பறித்துவிட்டதா? காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளோ விஞ்ஞானக் கல்வியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, 1916 இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். அவருடைய விஞ்ஞானப் பாடத்திட்டம் அப்பரீட்சையைக் கேட்கவில்லை. உத்தியோகமும் அதனைக் கேட்கவில்லை. கேளாத பரீட்சைக்குக் கற்ற அவரே பின்னர் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகி, 1947 இல் யாழ்நூலை எமக்குத் தந்தார். கணக்குக்கு வெளியே கற்ற பாடம் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

‘மூன்று பாடத்தையே முடிக்கவியலாது தவிக்கும் பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையா?’ என்ற கேள்வியே உண்மையில் வலுவுள்ளது. பிரதான பாடமொன்றில் சித்தியே ஐயமாக இருக்கும் பிள்ளை முதலில் அதனைக் கவனிக்கட்டும். ஏனையோருக்குக் கூறுகின்றோம்: இச்சுமையை எவராலும் தவிர்க்க இயலாது, இன்று சிறிது சிறிதாகச் சுமப்பதா, நாளை ஒரேயடியாகச் சுமப்பதா என்பதே கேள்வி. நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். இரு பத்திகள் கொண்ட ஒரு கொப்பி எடுங்கள். அன்று படித்த பாடத்தின் கலைச்சொற்களை ஒரு பத்தியில் தமிழிலும் மறு பத்தியில் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அமுக்கம், அடர்த்தி, ஒளித்தொகுப்பு எனப் பிரதான பாடத்தின் மீட்டலும் அதனோடு நடந்துவிடும். ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு செய்தியை வாசித்து ஐந்து வரியிற் சுருக்கி எழுதுங்கள். கிழமைக்கு ஒரு கடந்தகால வினாத்தாளை எடுத்து நேரம் வைத்துச் செய்யுங்கள். இதற்கெனத் தனியார் வகுப்புக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

எனினும், மாணவனின் முயற்சியைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவிவிட நாம் இடங்கொடோம். பொது ஆங்கிலம் நேரசூசியில் எழுதப்பட்டிருந்தும், அப்பாடவேளை வேறொரு பாடத்துக்குக் கடன் கொடுக்கப்படும் பாடசாலைகளை நாம் அறிவோம். வன்னியின் உட்கிராமங்களிலும் மலையகத் தோட்டப்புறங்களிலும் ஆங்கில ஆசிரியருக்காகக் காத்திருந்தே வகுப்பேறிய பிள்ளைகள் உளர். ஆசிரியரை அனுப்புவது அரசின் பொறுப்பு. அனுப்பிய ஆசிரியரின் பாடவேளையைக் காப்பது அதிபரின் பொறுப்பு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. ‘பொது ஆங்கிலத்தையும் இஸட் புள்ளியிற் சேர்த்துவிட்டால் எல்லோரும் படிப்பார்களே’ என்று இலகுவாகச் சொல்வோர் இருக்கின்றனர். இதனை நாம் வன்மையாக எதிர்க்கின்றோம். ஆசிரியரைக் கொடாது பரீட்சையை மட்டும் கட்டாயமாக்குவது, ஏரைக் கொடாது விளைச்சலைக் கேட்பதற்கு ஒப்பாகும். நகரத்துப் பிள்ளை முன்னேற, கிராமத்துப் பிள்ளை மேலும் ஒரு படி கீழே தள்ளப்படும். எழுபதுகளின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலினால், சிங்கள மொழிமூல மாணவரைவிடக் கூடிய புள்ளி பெற்றால்தான் அனுமதி என்ற நிலைக்குத் தமிழ் மொழிமூல மாணவர் தள்ளப்பட்டனர். அந்த வடு இன்னும் ஆறவில்லை. இன்னொரு தரப்படுத்தல் ஆங்கிலத்தின் பெயரால் வருவதை எமது மக்கள் பொறுக்கமாட்டார்கள். முதலில் ஆசிரியர், விதி பிறகு!

அரசு வரும்வரை நாம் கைகட்டி இருக்கலாமா? எமது ஊர்களில் வாசிகசாலைகள் உண்டு. சனசமூக நிலையங்கள் உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. விளையாட்டு மைதானத்துக்கும் விழா மேடைக்கும் பணம் திரட்டும் சங்கங்கள், ஓர் ஆங்கிலப் பத்திரிகையையும் பத்து வினாத்தாட் தொகுதிகளையும் வாசிகசாலைக்கு வாங்கிக் கொடுத்தால் என்ன? ஓய்வுபெற்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் சட்டத்தரணிகளும் கிழமைக்கு ஒரு மாலையை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன? கொடுப்பதற்குப் பெரும் பொருள் தேவையில்லை, மனமே வேண்டும்.

மாணவ மாணவியரே! பரீட்சை விண்ணப்பத்தில் பொது ஆங்கிலத்தைப் பதிந்துவிட்டு அன்றைய தினம் வீட்டிலிருந்துவிடாதீர்கள். உங்கள் இஸட் புள்ளியை அப்பாடம் உயர்த்தப் போவதில்லை. ஆனால், தமிழிற் கற்றவர்கள் எம்மொழியில் நடக்கும் மண்டபத்திலும் தலைநிமிர்ந்து அமர்வார்கள் என்பதை நாட்டுக்குக் காட்ட அது உதவும். தாய்மொழிக் கல்வியைப் பழிப்போரின் வாயை அடைக்க அதனினும் சிறந்த வழி வேறில்லை.