கண்ணாடி இல்லாத வீடு

யூத் கேம்ப் முடிஞ்சு பஸ் ஏறும்போது கண்ணீரோட ஒரு தீர்மானம் எடுப்போமே, அது அடுத்த இன்டர்னல் டெஸ்ட் வரைக்குமாவது தாங்குதா? விசுவாசத்துல வளர்றதுன்னா அந்த ஃபீலிங் கூடிக்கிட்டே போறதுன்னு நினைச்சுக்கறோம்.

சேந்தமங்கலத்துல நின்னா கொல்லிமலை தெரியும். லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் படித்த ஈவ்லின், கணவர் ஜெஸ்ஸி பிராண்டுடன் அங்கே குடியேறினார். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். முதல் சில ஆண்டுகளில் ஒருவர்கூட கிறிஸ்தவராகவில்லை. 1929-ல் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். ஈவ்லின் நொறுங்கிப்போனார். இங்கிலாந்துக்குப் போனவர், திரும்பி வந்தார். மிஷன் அவருக்குச் சமவெளியில்தான் வேலை கொடுத்தது. மனசு மட்டும் மலையிலேயே!

ஓய்வு வயது வந்தது. "இன்னும் ஒரே வருஷம், மலையில்" என்று கேட்டு வாங்கினார். அது முடிந்ததும் ஊருக்குக் கிளம்பவில்லை. மிஷன் வேலையை விட்டுவிட்டு மலையிலேயே தங்கிவிட்டார். அப்போது வயது எழுபதை நெருங்கியிருந்தது! (எனக்கென்னவோ இதுல கொஞ்சம் பிடிவாதமும் தெரியுது.) மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகும் மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். 1974-ல், 95 வயதில் காலமானார்.

வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் இவர் மகன்தான். கடைசி இருபது வருஷம் அம்மா வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஆகாய கங்கை பார்க்கப் போறீங்களா? வாழவந்தி பக்கம் ஜெஸ்ஸி கல்லறைக்கு அருகிலேயே அவருடையதும் இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாருங்க.