ஓரத்திலுள்ள சிறு முத்திரை



பழைய பொருட்கள் விற்கும் சந்தைகளில் யப்பானிய மர அச்சுப் படங்கள் சிலவேளை எம் கண்ணிற் படும். வாங்குபவர்கள் அவற்றுக்குச் சட்டம் போடுவார்கள்; சட்டத்துக்குப் பொருந்தாவிட்டால் ஓரத்தை வெட்டி விடுவார்கள். அப்படி வெட்ட வேண்டாம் என்று சொல்வதே இம்முறை எமது நோக்கம். ஒரு படத்தின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் பலவேளைகளில் அந்த ஓரத்திலேயே இருக்கிறது. அது தொலைந்தால் என்ன பாடு என்பதை எம்மவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வளைந்த மரப்பாலம், கோடு கோடாகக் கொட்டும் மழை, குடையோடும் பாயோடும் விரைந்து செல்லும் மனிதர், ஆற்றில் தனியே தெப்பம் தள்ளும் ஒருவர். இதனை எப்படி அடையாளம் காண்பது?

எழுத்துகளை மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். வலப்புற மேல் மூலையில் உள்ள நீண்ட சிவப்புக் கட்டத்தில் 'மெய்ஷோ எடோ ஹியாக்கெய்' என்றிருக்கும். 'எடோவின் புகழ்பெற்ற நூறு காட்சிகள்' என்பது பொருள். எடோ என்பது 1868 வரை ரோக்கியோ நகருக்கிருந்த பெயர். இது தொடரின் பெயர் மட்டுமே. அருகிலுள்ள சதுரக் கட்டத்திலேயே இப்படத்தின் பெயர் உண்டு: 'ஓஹாஷி, அத்தகே நோ யூடாச்சி.' ஓஹாஷி பெரிய பாலம். அத்தகே ஆற்றங்கரை இடமொன்று. யூடாச்சியை 'மழை' என்று மட்டும் பெயர்த்தால் போதாது. கோடையில் திடீரெனக் கொட்டி ஓயும் பின்னேர மழை அது.

அடுத்தது கையொப்பம்: 'ஹிரோஷிகே ங்கா'. 'ஹிரோஷிகே வரைந்தது' என்பது பொருள். ஆனால் பெயரை மட்டும் நம்ப முடியாது. ஹிரோஷிகே 1858இல் இறந்தபின் அவரது மாணவரும் அதே பெயரில் ஒப்பமிட்டார்.

இங்குதான் ஓரம் கைகொடுக்கிறது. மேல் ஓரத்தில் இரு சிறு முத்திரைகள் இருக்கும். ஒன்று 'அராத்தமே', அதாவது தணிக்கையாளர் பார்வையிட்டது. மற்றது 'பாம்பு, 9'. பாம்பு ஆண்டின் ஒன்பதாம் மாதம் என்று அர்த்தம். யப்பானியர் ஆண்டுகளைப் பன்னிரு மிருகங்களின் பெயரால் எண்ணினர். எமது பிரபவ முதலான 60 ஆண்டுகளைப் போல அவையும் சுற்றி வரும். ஆகவே பாம்பு ஆண்டு 1845ஆ, 1857ஆ, 1869ஆ? இவ்விரு முத்திரைகளும் தனித்தனியாகச் சேர்ந்து வந்தது 1853 இறுதி தொடக்கம் 1857 இறுதி வரைதான். எனவே ஆண்டு 1857. இடது ஓரத்தில் வெளியீட்டாளரான ஊவோயா எய்கிச்சியின் குறியும் உண்டு. பலகையைச் செதுக்கியவருக்கும் அச்சிட்டவருக்கும் பெரும்பாலும் பெயரே கிடையாது.

இதே படத்தை ஓவியர் வான் கோ 1887இல் எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். சுற்றிவர யப்பானிய எழுத்துகளையும் இட்டார். அவை வேறு படங்களிலிருந்து அழகுக்காகப் பார்த்தெழுதியவை. இப்படத்தின் விபரம் எதையும் சொல்வன அல்ல. எழுத்து இருப்பதனாலேயே அது சான்றாகி விடாது.

உங்களிடம் இத்தகைய படமிருந்தால்:

முதலில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நிறங்கள் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. புள்ளிகள் இல்லாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். பழைய படங்களைப் பிற்காலத்தில் புதிதாகப் பலகை செதுக்கியும் அச்சிட்டிருக்கிறார்கள்.

பின்பக்கத்தையும் பாருங்கள். கையால் அச்சிட்டவற்றில் நிறம் தாளில் ஊறிப் பின்னாலும் தெரிவதுண்டு. பசை போட்டு அட்டையில் ஒட்டினால் இந்தச் சான்றும் போய்விடும்.

எழுத்துகளையும் முத்திரைகளையும் தெளிவாகப் படமெடுத்து, ஆசியக் கலைப் பிரிவுள்ள அரும்பொருட்காட்சிச்சாலை ஒன்றில் காட்டுங்கள். பழைய கூட்டெழுத்தை யப்பானியர் பலராலேயே இன்று வாசிக்க முடியாது. அதற்கு உதவும் 'மிவோ' என்ற கைத்தொலைபேசிச் செயலி 2021இல் வெளிவந்தது.

விற்பதா, சுவரில் மாட்டுவதா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். அதுவரை கத்தரிக்கோல் மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.