முதியவருக்கு ஒரே வீடு

"எங்கள் வீட்டில் இருந்தவரை அப்பா நன்றாகத்தான் இருந்தார். தம்பி வீட்டுக்குப் போனதும் கழிப்பறை எங்கே என்றுகூடத் தெரியவில்லை." மறதிநோய் உடையவர்களை அழைத்துவரும் குடும்பத்தினர் இப்படிச் சொல்வதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். சிலர் அதைப் பிடிவாதம் என்கின்றனர். சிலர் மருமகள் மீது பழி சுமத்துகின்றனர். இரண்டும் தவறு. காரணம் மூளைக்குள் இருக்கிறது.

மூளையின் இருபுறமும் கடற்குதிரை வடிவில் ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. எலி ஓர் அறையின் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்பெழுப்பும் செல்கள் அங்கே இருப்பதை லண்டனில் ஜான் ஓ'கீஃப், ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் 1971ஆம் ஆண்டு வெளியிட்டனர். இத்தகைய பல செல்கள் சேர்ந்து அறையின் வரைபடமாகின்றன. அதை அடுத்துள்ள எண்டோரைனல் புறணியில், தூரத்தையும் திசையையும் கணிக்க உதவும் செல்களை நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் 2005இல் கண்டறிந்தனர். ஓ'கீஃபும் மோசர் இணையரும் 2014இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

எலியை வேறு அறைக்கு மாற்றினால் பழைய வரைபடம் அங்கே உதவாது. செல்கள் புதிய வரைபடத்தை வகுக்க வேண்டும். நலமுள்ள மூளைக்கு இது எளிது. அல்சைமர் நோயோ பெரும்பாலும் இவ்விரு பகுதிகளையே முதலில் தாக்குகிறது. பல்லாண்டு நடந்த வீடு ஓரளவு நினைவில் நிற்கும். புதிய வீட்டைக் கற்கும் ஆற்றல்தான் குன்றிவிடுகிறது.

ஆகவே, மாதம் ஒரு பிள்ளை வீடு என்று பெற்றோரை அனுப்பிவைக்கும் வழக்கம் மறதிநோய் உடையவர்களுக்குப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. சுமையைச் சமமாகப் பகிரும் நல்ல எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. ஆயினும், ஒவ்வொரு மாற்றத்திலும் அம்முதியவர் அந்நிய ஊரில் இறக்கிவிடப்பட்டவர் போலாகிறார்.

ஓரிடத்தில் வைத்தால் ஒரே பெண்ணின் தலையில் முழுச் சுமையும் விழுமே என்று கேட்கலாம். அந்த அச்சம் மெய்யானது. எனவே பெற்றவர் ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் முறைவைத்து அங்கே வந்து தங்கட்டும். வர இயலாதவர் உதவியாளரின் ஊதியத்தை ஏற்கட்டும். இதை நோயின் தொடக்கத்திலேயே, முதியவரின் விருப்பத்தையும் கேட்டு, குடும்பமாக அமர்ந்து முடிவு செய்வது நலம்.

மாற்றம் தவிர்க்க இயலாதெனில் அவருடைய கட்டில், போர்வை, சுவரில் மாட்டியிருந்த படங்கள் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்லுங்கள். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுதும் விளக்கெரியட்டும். பொருள்களை இடம் மாற்றாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென இடம் தெரியாமல் குழம்பினால், அது வீடு மாறியதால் என்று இருந்துவிட வேண்டாம். பக்கவாதம், நோய்த்தொற்று, மருந்தின் விளைவு ஆகியவையும் காரணமாகலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள்.

வழி தெரியாமல் நிற்பவரைக் கடிந்துகொள்வதால் வழி தெரிந்துவிடாது. கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். மறுநாளும் அதே வழியில்.