மலையேறும் அரிசி மூட்டை

மில் சங்கு ஊதியதும் வீடு திரும்பும் தொழிலாளிக்கு உப்பும் புளியும் வழியிலேயே கிடைக்கின்றன. வயலில் கூலி வேலை செய்பவருக்கும் ஊர்க்கோடியில் ஒரு பெட்டிக்கடை உண்டு. ஆனைமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு.

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 64 கிலோமீட்டர். வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பல தோட்டங்கள் வால்பாறைக்கும் அப்பால், காட்டோரத்தில் இருக்கின்றன. மாதச் சாமானுக்கு வால்பாறை. கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் துணிமணி, பாத்திரம் எடுக்கப் பொள்ளாச்சி. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் இதிலேயே கழிகிறது. வேலை நாளில் போனால் அன்றைய கூலி போச்சு. பஸ் கட்டணம், மூட்டைக்குச் சுமை கட்டணம் தனி. இவை சம்பளச் சீட்டில் எழுதப்படாத பிடித்தங்கள் அல்லவா?

கையில் ரொக்கம் உள்ளவன் கீழே போய் மொத்தமாக, சல்லிசாக வாங்கி வருகிறான். மாதக் கடைசியில் கை காய்ந்த தொழிலாளி பக்கத்துக் கடையில் பற்று வைக்கிறான். பற்று வைத்தவன் விலை பேச முடியுமா? எடையைத்தான் சரிபார்க்க முடியுமா? கடைக்காரரை மட்டும் வைது பயனில்லை. அவரும் லாரி வாடகை கொடுத்தே சரக்கு ஏற்றுகிறார். ஆனால் கம்பெனியின் தேயிலையை இறக்க லாரி தவறாமல் கிடைக்கிறதே! தொழிலாளியின் அரிசியை ஏற்றத்தான் வழியில்லையா?

மொத்தமாக வாங்கிச் சேமிக்கட்டுமே என்று கீழே இருப்பவர்கள் சொல்லலாம். ஜூனில் மழை பிடித்தால் லயன் வீட்டில் பருப்பு பூசணம் பூக்கும். அரிசி, உப்பைத் தேடி யானை வரும். அவை லயன் சுவரையும் ரேஷன் கடைக் கதவையும் உடைத்த செய்தி வால்பாறைக்குப் புதிதல்ல. 1890களில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்கள் வெள்ளைத் துரைமார்கள். இன்று இடிவது தொழிலாளியின் சுவர்!

ரேஷன் அரிசிக்கு 2011 முதல் விலையில்லை. நல்லது. ஆனால் கடை ஒரு சரிவிலும் லயன் இன்னொரு சரிவிலும் இருந்தால், நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண்தான் அதைத் தலையில் சுமக்கிறாள்.

தெருவுக்குத் தெரு கடை இருந்த சென்னைத் திருவல்லிக்கேணியிலேயே 1904ல் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். காட்டோரத் தோட்டத்துக்கு அது எவ்வளவு அவசியம்!

சர்க்கார் நாள் குறித்து, ஓய்வு நாளின் பகல் வேளையில், ரேஷன் சரக்கை லயன் வாசலுக்கு வண்டியில் அனுப்ப வேண்டும். தேயிலை இறக்கித் திரும்பும் லாரியில் கூட்டுறவுக் கடைச் சரக்கு ஏற வேண்டும். வாடகை கம்பெனியைச் சேர்ந்தது. தோட்டச் சங்கங்கள் அடுத்த போனஸ் பேச்சு வார்த்தையில் இக்கோரிக்கையையும் வைக்க வேண்டும்.