சுவரில் ஒரு சந்து

இங்கிலாந்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் சிநேகிதர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். கடுங் குளிர்காலம். சமையலறைச் சுவரில் பாய்லர் ஒன்று மாட்டியிருந்தது. அந்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் ஸ்நானத்துக்கு வெந்நீரும், அறைகளுக்கு உஷ்ணமும் இந்த ஒரே பெட்டிதான் அளிக்கிறது. அதன் தலையிலிருந்து புறப்பட்ட புகைக்குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. குழாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் நழுவிக் கிடந்தது. அதன் பின்னால் விரல் நுழையும்படியான சந்து! அதன் வழியாக ஊதற்காற்று வீசிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் குளிருகிறது, வேறொன்றுமில்லை. பழைய துணியை அடைத்துவிடலாமென்றிருக்கிறேன்" என்றார் நண்பர்.

குளிர் மட்டுந்தானா அந்த வழியாக வரும்?

இக்காலத்துப் பாய்லரின் புகைக்குழாய் சாதாரணமாகக் குழாய்க்குள் குழாயாக அமைந்தது. உட்குழாய் வழியே புகை வெளியேறும். வெளிக்குழாய் வழியே எரிவதற்கு வேண்டிய காற்று உள்ளே வரும். அறைக் காற்றுக்கும் நெருப்புக்கும் சம்பந்தமே கிடையாது. மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் வெளியே போன புகை சுவர்ச் சந்தின் வழியாகத் திரும்பி வந்துவிட்டால், அந்தப் புத்திசாலித்தனத்தால் என்ன பயன்?

அந்நாட்டுச் சுவர்கள் பலவற்றில் இன்னொரு சங்கடமும் உண்டு. அவை இரட்டைச் சுவர்கள், நடுவே வெற்றிடம். வெளிச்சுவரில் புகுந்த புகை அந்த வெற்றிடத்தில் ஏறிச் சென்று, மாடியில் யாரோ உறங்கும் அறையின் வெடிப்பில் வெளிப்படக்கூடும். ஆகையால் இரண்டு சுவர்களையுமே குழாயைச் சுற்றிக் கெட்டியாகப் பூச வேண்டும். ரப்பர் வளையம் பார்வைக்கு அழகாயிருக்கும். பல இடங்களில் அதற்குப் பின்னால் பூச்சே இராது.

காற்றுப் போதாமல் எரிவாயு அரைகுறையாக எரியும்போது கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டுமென்று அதில் துர்நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். வாயு எரியும்போதோ அந்த நாற்றமும் எரிந்துபோகிறது! இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இவ்விஷம் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி ஆகியவை தோன்றும். ஜலதோஷமென்று எண்ணி ஜன்னலை இன்னும் இறுக மூடிக்கொண்டு படுப்பவர்கள்தான் அதிகம். வெளியே சென்றால் தலைவலி நீங்கி, வீடு திரும்பியதும் மறுபடி வருமானால் சந்தேகம் கொள்வது நலம். ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890-களில் இந்த வாயுவைத் தாமே சுவாசித்துப் பரீட்சை செய்தார். அவர் யோசனையின்படி சுரங்கங்களில் எச்சரிக்கைக்காக வைக்கப்பட்ட கானரிப் பறவைகளுக்கு 1986-ல்தான் பிரிட்டனில் ஓய்வு கொடுத்தார்கள்.

பிரிட்டனின் 1998-ம் வருஷத்து எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் கண்டிப்பானவை. வாடகை வீட்டின் எரிவாயுச் சாதனங்களையும் புகைக்குழாய்களையும், பதிவுபெற்ற தொழிலாளியைக் கொண்டு வீட்டுக்காரர் வருஷந்தோறும் பரிசோதிக்கச் செய்து, அத்தாட்சியைக் குடியிருப்போருக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு 2009 முதல் 'கேஸ் ஸேஃப்' என்று பெயர். சுவர்ப் பூச்சு கொத்தனார் வேலைதான். ஆயினும் புகை சரியாக வெளியேறுகிறதா என்று சொல்லக் கொத்தனாருக்கு அதிகாரமில்லை. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லர் உள்ள வாடகை வசிப்பறையில் விஷவாயு எச்சரிக்கைக் கருவி பொருத்துவதும் வீட்டுக்காரரின் கடமை.

இவற்றையெல்லாம் சொன்னபோது நண்பர் சிரித்தார். பிறகு, "ஒரு வாரமாகக் காலையில் எனக்குத் தலைவலி" என்று மெல்லச் சொன்னார். அப்பொழுதே பாய்லரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்தோம். வீட்டுக்காரருக்கு நண்பர் தகவல் சொன்னார். மறுநாள் பதிவுபெற்ற தொழிலாளி வந்து வளையத்தைக் கழற்றினார். பின்னால் பூச்சு என்று பெயருக்குக்கூட ஒன்றுமில்லை; கசங்கிய செய்தித்தாள்தான் இருந்தது. அவர் அதை உருவி மேஜைமேல் வைத்தார். நண்பர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.